இரவல் குரல்

ஒரு கணினிக்குள் பியானோ ஒன்று இருந்தது. அதில் வெள்ளைக் கட்டைகளுக்கு மட்டும்தான் நிஜப் பியானோவிலிருந்து பதிவுசெய்த குரல். கருப்புக் கட்டைகளுக்கு, பக்கத்து வெள்ளையின் குரலையே சுருதி மாற்றிக் கொஞ்சம் இழுத்துக் கொடுத்திருந்தார்கள்.

அதில் ஒரு வெள்ளைக் கட்டைக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. பக்கத்துக் கருப்பு வாயைத் திறந்தால் போதும், "அது யார் குரல்?" என்று கேட்கும்.

"உங்க குரல்தாங்க" என்று கருப்பு பணிவாகச் சொல்லும். வெள்ளைக்கு மனசு குளிர்ந்துவிடும்.

ஒருநாள் இசையமைப்பாளர் அருமைநாயகம் ஒலிகளைச் சரிசெய்ய உட்கார்ந்தார். அந்த வெள்ளையின் பதிவில் மட்டும் மின்விசிறி இரைச்சல் கேட்டது. அதை அழித்துவிட்டு, அடுத்த வெள்ளையின் குரலை இழுத்து இதற்கும் கருப்புக்கும் சேர்த்துப் போட்டார்.

அவர் தட்டிப் பார்த்தபோது வெள்ளை கூச்சத்தோடு ஒலித்தது. அடுத்த வெள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அது யார் குரல்?"

கருப்பு மெல்ல, குரல் இழந்த வெள்ளையின் காதைக் கடித்தது.

"'உங்க குரல்தாங்க'ன்னு சொல்லிடுங்க, அதோட விட்டுடும். இத்தனை நாளா உங்களை நான் அப்படித்தானே சமாளிச்சேன்."