இன்று புதுப்பிக்கப்பட்டது

கிடங்கை மூடியதிலிருந்து வேலையில்லாமல் இருக்கும் மேற்பார்வையாளர், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, வேலைவாய்ப்புத் தளத்தில் தன்னைப் பற்றிய கடைசி வரியின் முற்றுப்புள்ளியை அழிக்கிறார். நேற்று அவரே வைத்த புள்ளிதான். தினமும் ஏதாவது ஒன்றை மாற்றினால்தான் தளம் அவர் பெயரை மேலே கொண்டுவரும். மேலே இருந்தால்தான் யார் கண்ணிலாவது படும். "இன்னிக்கு வைக்கிற நாளா, எடுக்கிற நாளா?" வேலைக்குக் கிளம்பும் மனைவி தலை சீவியபடியே கேட்கிறாள். "எடுக்கிற நாள்." "ஃபோனை சைலன்ட்ல போட்டுடாதீங்க." "போட்டா மட்டும் என்ன குடிமுழுகிடப் போகுது?" சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டியபடி அவள் ஒரு கணம் அவரைப் பார்க்கிறாள். ஜன்னல் வெயில் விழுந்து திரை மங்குகிறது. கையால் மறைத்துப் பார்க்கிறார். பச்சை எழுத்தில், இன்று புதுப்பிக்கப்பட்டது. அதற்குக் கீழே, அழைப்புகள் இல்லை. நேரமாகிவிட்டதென்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுகிறாள். கதவு சாத்தப்படுகிறது, வெளியே பூட்டு விழும் சத்தம். இத்தனை வருடம் அவர் வேலைக்குப் போன பிறகு வீட்டைப் பூட்டிப் பழகிய அவள் கை. கூப்பிட எழுந்தவர் பாதியிலேயே நிற்கிறார். சாயங்காலம் அவள் வரும்வரை வெளியே போவதற்கு அவருக்கு ஓர் இடமும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, ஃபோனின் சத்தத்தை முழுதாகக் கூட்டி வைக்கிறார்.