இடது கை

ஆவுடையப்பனுக்குப் பதினெட்டு வருடமாக லித்தியம் மாத்திரை நன்றாகக் கேட்கிறது. ஒரு மாதம் ஊரையே விலைக்கு வாங்கப் புறப்படுவதும், மறு மாதம் பாயைவிட்டு எழாமல் கிடப்பதும் அதோடு நின்றுபோயின. அது சிலருக்கு மட்டும் ஏன் கேட்கிறது என்று ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில் மரபணுவில் தேடுகிறார்கள். அதற்காக நர்ஸ் ஜெபராணி அவருடைய வலது கையில் ஒரு குழாய் ரத்தம் எடுத்தாள். அவர் எழுந்துகொள்ளவில்லை. இடது சட்டைக் கையைச் சுருட்டி, மேசைமேல் நீட்டினார்.

"இது எங்க அக்காவுக்கு."

"அவங்க வரலையா?"

"செத்து முப்பது வருசமாச்சும்மா. அவளுக்கும் இதே சீக்குதான். சங்கிலி போட்டு வச்சிருந்தோம், அப்படியே போயிட்டா. இந்த மாத்திரை அவளுக்குக் கேட்டிருக்குமான்னு பாத்துச் சொல்லுங்க."

"உங்க ரத்தத்துல அது தெரியாதுங்கய்யா."

"ஒரு வயித்துல பொறந்தவங்கதானே?" அவர் கையை மடக்கவில்லை. "கேட்டிருக்காதுன்னு வந்தாப் போதும்மா. சங்கிலிப் பூட்டுச் சாவி எங்கிட்டதான் இருந்துச்சு."

ஜெபராணி ஊசியை எடுக்கவில்லை. நீட்டிய கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அக்கா பேரு என்னங்கய்யா?" என்றாள்.