காலியான கிண்ணம்

ஜன்னல் வெயிலில் கண்ணாடிக் கிண்ணம் பளபளக்கிறது. வடிகட்டிய கெட்டித் தயிரில் பூண்டும் மிளகும் எலுமிச்சையும் சேர்த்துத் தையற்காரர் தன் கையாலேயே குழைத்த சாஸ் அதில். கடைச் சாஸ் பாட்டில் மூடி திறக்காமல் ஓரமாக நிற்கிறது. பச்சைக் காய் என்றாலே முகம் சுளிக்கும் மகள், கேரட் துண்டால் கிண்ணத்தை வழித்து வழித்து நறுக் நறுக்கென்று கடிக்கிறாள். தயிர் வடிகட்டிய துணியைக் குழாயடியில் பிரிக்கும் மனைவிக்குத் திக்கென்கிறது. அதன் ஓரத்தில் சாக்பீஸ் கோடு. “என்னங்க, இது டாக்டர் சட்டையோட கைக்கு வெட்டி வச்ச துணி இல்ல?” அவர் காதில் விழுந்தால்தானே! “அப்பா, இன்னும் வேணும்” என்கிறாள் மகள். கழுத்தில் கிடக்கும் டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்கிறார். “அதுக்கென்ன கண்ணு, சட்டையோட இன்னொரு கையும் இருக்கே!”