முதல் கமெண்ட்

பாலகோபால் அழுதுகொண்டிருந்தார். வலது கண்ணில் நன்றாகவே வந்தது, இடது கண் ஒத்துழைக்கவில்லை. கைபேசியில் பதிவானதை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ம்ஹூம்" என்று அழித்தார்.

"ஷைமா, அந்த ரிங் லைட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. சோகமே தெரிய மாட்டேங்குது."

ஷைமா திருப்பினாள். சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தக் கம்பெனி, நூல் மில்களுக்கு சாஃப்ட்வேர் செய்கிறது. செய்வது ஷைமாவும் பிரான்சிஸும். முதலாளி பாலகோபால் செய்வது, அதைப் பற்றி இணையத்தில் ரெண்டு வேளையும் பதிவு போடுவது. சம்பளம், கணக்கு வழக்கெல்லாம் ஆடிட்டர் பாடு. இவர் அலுவலகத்துக்கு வருவதே ரீல் எடுக்கத்தான்.

"எதுக்குங்க சார் அழுகறீங்க?"

"முதலீடு போட்டவங்க ஆளைக் குறைக்கச் சொல்லிட்டாங்க. ஒரே ஒருத்தரைத்தான் வெச்சுக்க முடியும். அதை நெஞ்சைத் தொடற மாதிரி சொல்ல வேண்டாமுங்களா?"

ஷைமாவுக்கு இந்த வேலை போனால் அடுத்தது பெங்களூர்தான். மூன்று வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். பிரான்சிஸ் வேறு கீழே பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இன்னும் விஷயம் தெரியாது, பாவம்.

"சார், பெருந்துறை மில்லுக்காரம்மா டெமோ பாக்க இன்னைக்குத்தானுங்க வாராங்க. எல்லாம் ரெடி பண்ணிப்போட்டேன். போன வாரமே மெயில் அனுப்பியிருந்தேனுங்களே?"

"மெயிலா?" ஊசிப்போன சாம்பாரை முகர்ந்தவர் போல் முகத்தைச் சுளித்தார். "நான் மெயிலைத் தொறந்து ஒரு வருஷமாச்சு. எதுன்னாலும் டேக் பண்ணுங்க. இந்தக் காலத்துல போஸ்ட்டுல இல்லாதவன் உலகத்துலயே இல்லீங்க."

கைபேசியை அவள் பக்கம் நீட்டினார். "பாருங்க, நான் போட்டது பூராவும். பிரான்சிஸ் வெறும் லைக்கோட நிறுத்திக்குவான். நீங்க அதுவும் இல்ல. கேட்டா, கோடு எழுதிட்டிருந்தேன்னு சொல்லுவீங்க."

"கோடுதானுங்க சார் எழுதிட்டிருந்தேன்."

"பாத்தீங்களா!"

ஷைமா மூலையைப் பார்த்தாள். போன தீபாவளிக்குக் கம்பெனி பெயர் போட்டு அடித்த டீ-ஷர்ட்டுகள், ஒரு நாற்காலியின் மேல் பெட்டி பெட்டியாக இன்னும் அப்படியே கிடந்தன.

"நம்ம புரோகிராமர் கௌதமனைப் பாருங்க," என்றார் பாலகோபால். "நான் போஸ்ட் போட்டு மூச்சு விடறதுக்குள்ள முதல் கமெண்ட் அவனுதுதான். போன மாசம் எங்க மாமனார் தவறிட்டாருன்னு போட்டேன். 'சூப்பர் சார், இன்னும் நிறைய எதிர்பார்க்கிறோம்'னான். எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தா, எவ்வளவு பாசிட்டிவ்! இந்தக் கம்பெனிக்கு அவன் ஒருத்தன் போதுமுங்க."

ஷைமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், கௌதமன் வந்துங்க..."

"உஷ்! ரெக்கார்டு ஓடுது."

இந்த முறை இரண்டு கண்ணிலும் வந்துவிட்டது. "என் குடும்பத்தில் இரண்டு பேரை இன்று அனுப்புகிறேன். அவர்களைவிட எனக்குத்தான் வலி அதிகம்," என்று தழுதழுத்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அந்த ஓநாயிடம் ரிங் லைட் இல்லை, அவ்வளவுதான்.

பதிவு ஏறியதும் 'டிங்' என்றது.

"வந்துட்டான் பாருங்க! 'வாழ்த்துகள் சார், நீங்கதான் எங்க ரோல் மாடல்!'" பாலகோபால் பூரித்துப் போனார்.

"சார், ஒரு நிமிஷம், அந்தக் கௌதமன்..."

"பொறாமைப்படாதீங்க ஷைமா. கத்துக்கோங்க. போறப்ப மறக்காம இதை ஷேர் பண்ணிட்டுப் போங்க, வேலை தேடறப்ப உங்களுக்குத்தான் உதவும்."

ஷைமாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சொல்ல வந்ததை அப்படியே விழுங்கினாள். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், நமக்கென்ன வந்தது? சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பெருந்துறை மில் முதலாளி நாச்சியம்மாள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஏனுங்க தம்பி, மூணு மில்லுக்கும் உங்க சாஃப்ட்வேரையே போட்டுப்போடலாம்னு இருக்கறனுங்க. நூல் இருப்பு எப்படிக் காட்டுதுன்னு ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க பாப்போம். சுருக்கா ஊடு போய்ச் சேரோணும்."

மூணு மில்! கம்பெனி பிழைத்துப் போகும், முதலீடு போட்டவர்கள் வாயையும் அடைத்துவிடலாம். பாலகோபாலுக்கு இடது கண்ணில் நிஜமாகவே நீர் துளிர்த்தது.

"உக்காருங்கம்மா. எங்ககிட்ட இருக்கறதுலயே பெஸ்ட் ஆளு காட்டுவான் உங்களுக்கு." வாசலுக்குப் போய்விட்ட ஷைமாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஷைமா, போறப்ப அந்தக் கௌதமனை உள்ள வரச் சொல்லிட்டுப் போங்க."

ஷைமா திரும்பினாள். டீ-ஷர்ட் பெட்டிகள் கிடந்த நாற்காலியைக் காட்டினாள்.

"அதானுங்க சார் அவரு சீட்டு. நீங்க போஸ்ட் போட்டா தானா கமெண்ட் விழற மாதிரி ஒரு புரோகிராம் எழுதி வெச்சிருந்தாரு. அதை நிறுத்தாமயே போயிட்டாருங்க."

"போயிட்டானா? எங்க போயிட்டான்?"

"போன தீபாவளிக்கே உங்களுக்கு மெயில் போட்டுட்டு, வேலையை உட்டு நின்னுட்டாருங்க சார்."