குளிரில் வைத்த பாசி

“இப்ப சென்னை லேப்லேர்ந்து ஃபோன் வரும். ‘என் கவனக்குறைவாலதான் பாசி வீணாப்போச்சு’ன்னு நீயே சொல்லிடு” என்றார் பேராசிரியர் அனந்தபத்மநாபன்.

தேவதர்ஷினி அவரிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவி. அதைச் சொன்னால் டாக்டர் பட்டம் அவ்வளவுதான். வையம்பட்டியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துத் திருச்சிக்கு ஓடி வந்து உழைத்ததெல்லாம் ஆற்றில் கரைத்த புளி.

கண்ணுக்குத் தெரியாத கடல்பாசிதான் அவள் ஆராய்ச்சி. இதயத்துக்கு நல்லதென்கிற எண்ணெயை அந்தப் பாசிக்குள் உண்டாக்குவது எந்த ஜீன் என்று கண்டுபிடித்துப் பேர் வாங்கியவர் சார். ஒரு குடுவையில், அதற்கு ஆதாரமாக அவர் அந்த ஜீனை நீக்கிய பாசி, இன்னொன்றில் சாதாரணப் பாசி. பார்வைக்கு இரண்டும் ஒரே பச்சை. லேபிளைப் பார்த்தால்தான் எது எதென்று தெரியும். போன வாரம் ஒரு காலையில், லேபிளில் இருந்த மார்க்கர் எழுத்து இரண்டிலும் அழிந்து கிடந்தது. தினமும் ஸ்பிரிட் போட்டு மேஜையைத் துடைப்பவள் அவள். அப்புறம் பழி போட ஆள் தேடவா வேண்டும்?

“கை பட்டதா ஞாபகமே இல்லை, சார்.”

“பின்ன, பூதமா வந்து அழிச்சுது? என் கண்டுபிடிப்பு சரிதானான்னு சென்னையில அந்தப் பாசியை வாங்கிப் பரிசோதிக்க நாள் குறிச்சாச்சு. இப்ப எதைத் தூக்கிக் குடுக்கறது? ஸ்ரீரங்கத்துல தலைநிமிர்ந்து நடக்கறவன் நான்!”

“எதுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, சார்.”

ஃபோனை நகர்த்தப் போன அவர் கை அப்படியே நின்றது. “எப்படி?”

“மார்கழியில தேங்காயெண்ணெய் உறையும், நல்லெண்ணெய் உறையாது, இல்லீங்களா? அந்த மாதிரிதான். ஜீன் இல்லாத பாசியில அந்த உறையாத எண்ணெய் இருக்காது, கொழுப்பு இறுகிடும். குளிர்ல வச்சா வளராம வெளுத்துடும்.”

“ஒண்ணும் வேண்டாம். ரெண்டையும் கொட்டிடுன்னு அன்னிக்கே சொன்னேனே!”

“கொட்டினேன், சார். ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டுலேர்ந்தும் கொஞ்சம் எடுத்துக் குளிர்ல வச்சுட்டேன். மன்னிச்சிடுங்க.”

அவர் முகம் பேயறைந்தாற்போல ஆனது. சொல்பேச்சு கேட்காததற்கு இன்றோடு தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று அவள் பயந்தாள்.

ஃபோன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

“எது வெளுத்துது?”

“அதான் சார் புரியலை.” அவள் கண்ணில் நீர் முட்டியது. “ரெண்டுமே பச்சைப்பசேல்னு வளர்ந்திருக்கு. அதுலயும் நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன் போல.”

மணி ஓய்ந்தது. அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

“உன் சோதனையில ஒரு தப்பும் இல்லைம்மா. நான் நீக்கினதாச் சொன்ன அந்த ஜீன் எந்தப் பாசியிலேர்ந்தும் நீங்கவே இல்லை” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். “அது சென்னைக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான் லேபிளை நானே அழிச்சேன்.”