முழு வேகம்

ரீங்காரம் நின்றது.

நாற்காலி மட்டும் நிற்காமல் சரிவில் ஏறிக்கொண்டே இருந்தது.

கீழே நின்ற பிசியோதெரபிஸ்ட் நவாஸ் கைதட்டினார். "பாருங்க மேடம், இப்ப சத்தமே இல்லாம வழுக்கிட்டுப் போகுது!"

பக்கத்தில் நின்ற இன்ஜினியர் சட்டென்று நிமிர்ந்து நாற்காலியைப் பார்த்தாள்.

நாற்காலியில் இருந்தவர் சென்னியப்பன். லாரி ஓட்டியவர். விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கோவை மருத்துவமனையின் இந்தச் சரிவுப் பாதையில், இத்தனை மாதமும் யாராவது தள்ளித்தான் மேலே போயிருக்கிறார். இன்று மோட்டார் வைத்த நாற்காலி. தனியாக.

கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"பின்னாடி யாரும் வரக்கூடாது அம்மிணி. நீங்களுந்தான்."

அவள் தலையாட்டியிருந்தாள்.

மோட்டாரை ஓட்டும் போர்டு அவள் வடிவமைத்தது. மின்சாரத்துக்குக் கதவு போலத் திறந்து மூடும் நான்கு டிரான்சிஸ்டர்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு. எதிரெதிர் மூலையில் இருப்பவை திறந்தால் வண்டி முன்னால் போகும். மற்ற இரண்டும் திறந்தால் பின்னால். ஒரே பக்கத்தில் மேலும் கீழும் சேர்ந்து திறந்தால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகிவிடும். அது நடக்கவே கூடாதென்று ஒன்று மூடி மற்றது திறப்பதற்குள் ஒரு சின்ன இடைவெளி விட்டிருந்தாள். அந்த இடைவெளியை நினைத்துத்தான் இவ்வளவு நாள் பயந்தாள்.

பயப்பட வேண்டிய இடம் வேறு.

மேல் டிரான்சிஸ்டரைத் திறந்து வைக்க பேட்டரியைவிட அதிக வோல்ட் வேண்டும். அதை ஒரு சின்னக் கெப்பாசிட்டர் தேக்கிக் கொடுக்கிறது. டிரான்சிஸ்டர் மூடும் ஒவ்வொரு முறையும் அது மீண்டும் நிரம்பும். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அப்படி மூடித் திறப்பதுதான் அந்த ரீங்காரம்.

சத்தம் இல்லையென்றால் மூடவே இல்லை; கெப்பாசிட்டர் நிரம்பவும் இல்லை.

அவர் கைப்பிடியை முழுதாக முன்னால் தள்ளிவிட்டார். லாரிக்காரர்.

மேசையில் முழு வேகத்தில் அவள் ஓட்டிப் பார்த்ததெல்லாம் ஓரிரு நொடிதான். சக்கரம் காற்றில் சுற்றியது. மேலே ஆள் இல்லை. சரிவு இல்லை.

இப்போது கெப்பாசிட்டர் வடிந்துகொண்டிருக்கும். டிரான்சிஸ்டர் பாதி மட்டும் திறந்து கொதிக்கத் தொடங்கியிருக்கும்.

கையை எடுங்க என்று கத்த வாய் திறந்தாள்.

கத்தவில்லை.

கையை எடுத்தால் நாற்காலியை நிறுத்திப் பிடிப்பது கீழ் டிரான்சிஸ்டர்கள். மேலே உள்ளது ஏற்கெனவே வெந்து ஒட்டிப்போயிருந்தால், கீழே உள்ளது திறந்த கணமே ஷார்ட் ஆகி ஃப்யூஸ் போகும். பிறகு மோட்டாரும் இல்லை, பிடிப்பும் இல்லை. பக்கவாட்டு பிரேக், நின்ற வண்டியைத்தான் பிடிக்கும்.

சரிவின் கீழ் முனையில் சுவர்.

ஓடினாள்.

ஒரு செருப்பு கழன்றது. கையிலிருந்த போன் எங்கோ விழுந்தது.

அவர் திருப்பத்தை நெருங்கியிருந்தார். கழுத்து நிமிர்ந்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். முகம் மாறியது.

"வேண்டாம்னு சொன்னனுங்களே!"

"அண்ணா, கையை எடுக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க."

அவர் கை கைப்பிடியிலேயே நின்றது.

நாற்காலியின் முதுகுக்கு இரண்டு கைகளையும் கொடுத்தாள். தோளையும் கொடுத்தாள். வெறுங்காலைத் தரையில் ஊன்றினாள். இருக்கைக்கு அடியிலிருந்து கருகல் வாடை வந்தது.

"இப்ப எடுங்க."

டப். ஃப்யூஸ் போனது.

பாரம் முழுவதும் அவள்மேல் இறங்கியது. கால் வழுக்கியது. ஊன்றினாள். மறுபடி வழுக்கியது. நவாஸ் ஓடிவரும் சத்தம் கேட்டது. வெகு தூரத்தில் கேட்டது.

சென்னியப்பன் இரண்டு சக்கரங்களையும் உள்ளங்கையால் அழுத்தினார். ரப்பர் தோலை உரித்தது. அவர் விடவில்லை.

நவாஸ் வந்து முதுகைக் கொடுத்தார். நாற்காலி நின்றது. பக்கவாட்டு பிரேக்கைப் போட்டார்.



அவள் தரையில் உட்கார்ந்து இருக்கைக்கு அடியில் பார்த்தாள். மேல் டிரான்சிஸ்டர் கறுத்து வெடித்திருந்தது. அவள் நினைத்தது சரி.

சென்னியப்பன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் எங்கோ போயிருந்தது.

"ஏனுங்க அம்மிணி, இதே மாதிரி வேற யாருக்காச்சும் குடுத்திருக்கீங்களா?"

அவள் இருக்கைக்கு அடியிலிருந்து தலையை எடுத்தாள்.

"ஒண்ணு. ஜெசிந்தா டீச்சர்னு ஒருத்தங்க. ஓட்டிப் பார்க்கச் சொல்லி நேத்து அனுப்பினோம்."

"எந்த ஊருங்க?"

"குன்னூர்."

குன்னூரில் தெருவெல்லாம் சரிவுதான்.

வழியில் கிடந்த அவள் போனை நவாஸ் பொறுக்கி வந்திருந்தார். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. டீச்சரின் எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

எடுத்தது டீச்சரின் தங்கை.

"அட, மேடமா! வண்டி காலையிலேயே வந்துருச்சு மேடம். அக்காவைக் கையில பிடிக்க முடியல. மேல மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்னு இப்பத்தான் கிளம்பினாங்க. அவசரத்துல போனைக்கூட வெச்சுட்டுப் போயிட்டாங்க."

பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"வந்ததும் பேசச் சொல்லட்டுங்களா?"