ஆறே மாதத்தில் பாலம்

எங்கள் பத்திரிகையில் 'அன்று இதே நாளில்' என்றொரு பகுதி உண்டு. இருபத்தைந்து வருடப் பழைய இதழைப் புரட்டி, அதன் தலைப்புகளைக் கிண்டலடிப்பதும் என் வேலை. அவற்றைப் போட்ட செய்தி ஆசிரியர் செத்துப் போய்விட்டதால் பயமில்லை.

'மின்வெட்டுக்கு முற்றுப்புள்ளி.' மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதியிருப்பார். 'ஆறே மாதத்தில் புதிய பாலம்: அமைச்சர் உறுதி.' இன்றுவரை நிற்பது ரெண்டே தூண். அதிலும் காக்காய்தான் குடியிருக்கிறது.

"கேழ்வரகில நெய் வடியுதுன்னா கேக்கிறவனுக்கு மதி எங்க போச்சுக்கா?" என்றேன்.

பக்கம் வடிவமைக்கும் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் செய்தி ஆசிரியரிடம் வேலை பார்த்தவள்.

"செத்தவரை ஏன்டா வம்புக்கு இழுக்கிற? பொல்லாத மனுஷன். பிடிக்காத தலைப்பைப் பச்சை மையால அடிச்சு, பக்கத்துலயே திட்டி எழுதுவாரு."

"முடிஞ்சா இப்ப வந்து எழுதச் சொல்லுங்க."

அறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனோம். திரும்பி வந்து அக்காதான் பூட்டைத் திறந்தாள்.

நாளைய முதல் பக்கத்தின் அச்சுப்படி என் மேசையில் இருந்தது. காலையில் நான் போட்ட தலைப்பின் மேல் பச்சைக் கோடு. தொட்டேன். மை விரலில் ஒட்டியது.

ஓரத்தில் இருந்த சாய்வான கையெழுத்தைப் பார்த்ததும், "இது அவரு எழுத்துடா" என்றாள் அக்கா.

என் தலைப்பு: 'புதிய பாலம் ஆறே மாதத்தில் தயாராகும்: அமைச்சர் உறுதி.'

ஓரத்தில்: 'மடையா, இதை நான் அப்பவே போட்டுட்டேன்.'